பலகையைத் தாண்டாத லாரிகள்

பூசணிப்பேட்டைக்காரர்களைப் பற்றி வெளியூரில் கண்டபடி பேசுவார்கள். புத்தி கம்மி என்பார்கள். அதெல்லாம் வயிற்றெரிச்சல். புத்தி அவர்களுக்கு நிறையவே உண்டு. செலவழிக்க மனசு வராமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கடைவீதியை முதலில் சொல்லிவிடணும். ஒரு கடைக்காரர் தும்மினால் எதிர்க்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொள்வார், அகலம் அந்த மாதிரி. அந்த வீதிக்குள் வெங்காய லாரி, சிமெண்டு லாரி, கம்பி ஏற்றிய டிரெய்லர் எல்லாம் பட்டப்பகலில் நுழையும். நுழைந்தது சுலபத்தில் திரும்பாது. போன ஆடியில் நகைக்கடை முனையில் ஒரு லாரி மாட்டிக்கொண்டு கிடந்தது பாருங்கள், அதன் நிழலில் ஒருத்தர் டீக்கடையே போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லாரிக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பாடம் படித்தார்கள். கடைசியில் லாரியை இழுத்து வெளியே எடுத்தபோது, “யாவாரம் சூடு பிடிக்கிற நேரத்துல கட்டடத்தை இடிச்சுட்டாங்களே!” என்று டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நகராட்சிக்குப் புதிதாக வந்த ஆணையர் மங்கையர்க்கரசி அம்மாள் வெளியூர்க்காரர். அதனால் ஊரைத் திருத்திவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பகல் வேளையில் கடைவீதிக்குள் கனரக வாகனம் நுழையத் தடை என்று உத்தரவு போட்டார். வீதி தொடங்குகிற பாலத்தடியில், இரும்புக் குழாயில் ஒரு பலகையை மாட்டி நட்டார். காவலுக்கு மூணு பேரை நிறுத்தினார்.

கொளஞ்சி, பாவாடை, அய்யாக்கண்ணு. மூணு பேரும் நகராட்சியில் தினக்கூலிகள். மூவரில் வயதில் மூத்தவன் கொளஞ்சி. அதனால் அவன் தலைவன். வேறு காரணம் தேட வேண்டாம்.

கொளஞ்சிக்கு அப்போது ஒரு கவலை இருந்தது. கருங்காலிக்குப்பத்து அங்கமுத்துவின் மகள் செண்பகவல்லியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று காபியைத் தரையில் கொட்டிவிட்டான். பதறிப்போய்த் தோள் துண்டால் துடைத்து, அந்தத் துண்டை மறுபடி டம்ளருக்குள் பிழிந்து, மரியாதையாகக் குடித்தும் முடித்தான். அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் பயல் அங்கேயே பாதி செத்துப்போனான். அவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் அங்கமுத்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

“மாப்பிள்ளே, வேலை நிரந்தரம்னு சர்க்கார் உத்தரவு மணவறையில என் கைக்கு வரணும். வந்தாத்தான் தாலி. வரலேன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

இந்த விஷயம் ஆணையர் காதுக்கும் எட்டியிருந்தது. நல்ல மனசுக்காரர். கொளஞ்சியைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்: “இங்க பாருப்பா, இந்தப் பலகையைத் தாண்டி ஒரு கனரக வாகனம் உள்ள போகக்கூடாது. போகாமப் பாத்துக்கிட்டா உன் கல்யாணத்துக்கு நானே வந்து உத்தரவைக் குடுக்கிறேன். போச்சுன்னா இருக்கிற வேலையும் போயிடும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா” என்றான் கொளஞ்சி. பூசணிப்பேட்டையில் எல்லா வில்லங்கமும் இந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்கும்.

அம்மாளின் ஜீப் மறைந்ததும் மூவரும் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

“கனரகம்னா என்னண்ணே?” என்றான் அய்யாக்கண்ணு.

“கனமா இருக்கிற ரகம்.”

“கனமா இருக்குன்னு எப்படித் தெரியும்?”

கொளஞ்சி ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தான். “தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது. தூக்க முடிஞ்சா லேசு. முடியலேன்னா கனம்.”

“ஆளுக்கொரு வண்டியாத் தூக்கணுமா, மூணு பேரும் சேந்தா?” என்று பாவாடை கேட்டான்.

“சேந்துதாண்டா. சர்க்கார் வேலைன்னா ஒத்துமை வேணும்.”

அன்று காலையிலிருந்து பாலத்தடியில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! வந்த வண்டியை எல்லாம் நிறுத்தித் தூக்கினார்கள். மொபெட்டை ஓட்டி வந்தவரோடு சேர்த்துத் தூக்கி, “லேசு, போகலாம்” என்று இறக்கி வைத்தார்கள். ஷேர் ஆட்டோவை ஒரு பக்கமாகத் தூக்கியதில் உள்ளே இருந்த தக்காளிக்கூடை கவிழ்ந்து, ஒரு வாத்தியாரின் வெள்ளைச் சட்டை வீணாகப்போனது. அவர் கத்திய கத்தலுக்கு, “உங்க சட்டைக்கு ஒண்ணும் தடை இல்லீங்க, நீங்க போகலாம்” என்று கொளஞ்சி பணிவாகப் பதில் சொன்னான். மத்தியானத்துக்குள் அய்யாக்கண்ணுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாவாடைக்குக் கையே மேலே எழும்பவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் வந்த தபால்காரரின் சைக்கிளை அவர்களால் ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை. கனரகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று ஊரில் தபால் கிடையாது.

சாயங்காலம் ஈஸ்வரன் கோயில் யானை தென்னை மட்டையோடு ஆடி அசைந்து வந்தது.

“அண்ணே, யானை வண்டியா?”

“பாகன் மேல உக்காந்து ஓட்டுறாரு. லோடும் இருக்கு. ஓட்டுற ஆளும் லோடும் இருந்தா வண்டிதாண்டா. வா, தூக்கிப் பாப்போம்.”

ஆளுக்கொரு காலைக் கட்டிப்பிடித்து, ‘ஏலேலோ’ என்று ஒரு தம் கட்டினார்கள். யானை மட்டையைக் கீழே வைத்தது. பாவாடையைத் தும்பிக்கையால் சுற்றித் தூக்கிச் சுவரோரம் வைத்தது. அப்புறம் அய்யாக்கண்ணுவை. அப்புறம் கொளஞ்சியை. பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு தன் வழியே போய்விட்டது.

மூவரும் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார்கள்.

“சோதனைடா” என்றான் கொளஞ்சி. “நாம அதைத் தூக்கிப் பாக்கிறதுக்குள்ள அது நம்மளைத் தூக்கிப் பாத்துடுச்சு. லேசு ரகம்னு தெரிஞ்சதும் விட்டுட்டுப் போயிடுச்சு.”

அய்யாக்கண்ணுவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. “அப்ப நாம கடைவீதிக்குள்ள போகலாமாண்ணே?”

“தாராளமாப் போகலாம். பாஸ் பண்ணிட்டோம்ல!”

மூவரும் உள்ளே போய்ச் சந்தோஷமாக ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலையில் தபால்காரரும் வாத்தியாரும் பாகனும் ஆணையர் அறைக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். அம்மாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்கு வந்தார்.

“உங்களை யாருய்யா தூக்கச் சொன்னது? லாரி, டிப்பர், டிரெய்லர்! பாத்தாத் தெரியாது? இனிமே எதையும் யாரையும் தூக்கக்கூடாது. சக்கரத்தை எண்ணுங்க. ஆறு, அதுக்கு மேல இருந்தா கனரகம். உள்ள விடாதீங்க!”

எண்ணுவது தூக்குவதைவிடச் சுலபம் என்று மூவருக்கும் சந்தோஷம். முதலில் வந்தது சைக்கிள் கடைக்குப் பத்து சைக்கிள் ஏற்றி வந்த குட்டி டெம்போ. பாவாடை எண்ணினான். எண்ண எண்ண அவன் முகம் வெளுத்துப்போனது. “இருவத்து நாலு சக்கரம்ண்ணே! இம்மாம் பெரிய வண்டி இந்த ஜில்லாவுலயே கிடையாது!” என்று அலறினான். டெம்போக்காரர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அடுத்து உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் குப்பண்ணன். இந்தியா முழுக்க லாரி ஓட்டி, எல்லா ஊர்ச் செக்போஸ்டிலும் சிரித்துப் பேசியே கடந்தவர். கீழே இறங்கி, “என்ன தம்பி தடை?” என்று நிதானமாகக் கேட்டார்.

“ஆறு சக்கரம் இருக்குங்க. விட முடியாது.”

“பின்னாடி ஜோடி ஜோடியாத்தானே இருக்கு. ரெண்டைக் கழட்டிட்டா?”

கொளஞ்சி விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். “நாலு.”

“நாலு சக்கரம்னா?”

“காருங்க.”

ஜாக்கி வைத்து வெளிச்சக்கரம் ரெண்டையும் கழற்றிக் கொடுத்ததே நம்ம ஆட்கள்தான். லாரி நொண்டி நொண்டி உள்ளே போனது. கழற்றிய ரெண்டையும் பாவாடை பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனான். அது ரெண்டு சக்கரந்தானே, தடை இல்லை. நகைக்கடை முனை வளைவில் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, உட்கார்ந்துவிட்டது. உப்பு கடைவீதி முழுக்கக் கொட்டியது. அன்றைக்கு வாங்கிய மல்லிகைப்பூகூடக் கரித்தது என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

போச்சு, வேலை போச்சு, செண்பகவல்லி போனாள் என்று கொளஞ்சி பலகைக் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆணையருக்கும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடத்தான் ஆத்திரம் வந்தது. வேறு மூணு பேரைப் போடலாம் என்று ஊரில் விசாரித்தும் பார்த்தார். விசாரித்ததில், ஊரிலேயே கெட்டிக்காரர்கள் இந்த மூணு பேர்தான் என்று தெரிந்தது.

வேறு வழியில்லாமல் திரும்பி வந்தார். “இதான் கடைசி. நீங்க யாரும் எதையும் யோசிக்க வேண்டாம். கனமும் பாக்க வேண்டாம், சக்கரமும் எண்ண வேண்டாம். லாரி இந்தப் பலகையைத் தாண்டக்கூடாது. அது ஒண்ணுதான். கொளஞ்சி, பலகை உன் பொறுப்பு. இனி ஒரு லாரி தாண்டுச்சுன்னா உத்தரவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது!”

யோசிக்க வேண்டாம் என்றதும் வேலை பிரமாதமாக நடந்தது. லாரி வந்தால் மூவரும் குறுக்கே நிற்பார்கள். லாரிகள் முனகிக்கொண்டே பாலத்துக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்று, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே போயின. கடைவீதியில் சனங்கள் கையை வீசி நடந்தார்கள். அம்மாளின் மேலதிகாரியே பாராட்டினாராம்.

கல்யாண நாளும் வந்தது. மண்டபம் கடைவீதியின் அந்தக் கோடியில் இருக்கிறது. காலை முகூர்த்தம். கொளஞ்சி லீவு போடவில்லை. லீவு போட்ட அன்றைக்கென்று பார்த்து ஒரு லாரி தாண்டிவிட்டால் யார் பதில் சொல்வது? பட்டு வேட்டி, மாலை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு சகிதம் பலகைக்குப் பக்கத்தில் நின்றான். பெண் வீட்டு வண்டி வந்ததும் அவர்களோடு சேர்ந்து மண்டபத்துக்குப் போய், தாலியைக் கட்டிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று திட்டம்.

பெண் வீட்டு வண்டியும் வந்தது. லாரி.

சீர்வரிசைக் கட்டில், பீரோ, பித்தளை அண்டா, அவற்றுக்கு மேல் கருங்காலிக்குப்பத்துச் சனம் மொத்தமும். ஸ்டியரிங்கில் குப்பண்ணன். பக்கத்தில் அங்கமுத்து. நடுவில் கூரைப்புடவையில் செண்பகவல்லி. வழியில் டயர் பஞ்சராகித் தாமதம் வேறு.

“மாப்பிள்ளே, வழியை விடுங்க! முகூர்த்தம் தப்பிடும்!” என்றார் அங்கமுத்து.

“லாரி பலகையைத் தாண்டக்கூடாதுங்க மாமா.”

“யோவ், நான் உன் மாமனாருய்யா!”

“நீங்க தாராளமாத் தாண்டலாம் மாமா. லாரிதான் தாண்டக்கூடாது. எல்லாரும் இறங்கி நடந்து வந்துடுங்களேன்.”

அங்கமுத்துவுக்கு மீசை துடித்தது. “எங்க வழக்கம் தெரியுமா உனக்கு? பொறந்த வீட்டு வாசல்ல வண்டி ஏறுன பொண்ணு, மண்டபத்து வாசல்லதான் மண்ணை மிதிக்கணும். நடுவழியில காலை வெச்சா கல்யாணம் நின்னு போயிடும். எங்க அக்கா நடுவுல இறங்கிச் சோடா குடிச்சுது. மாப்பிள்ளை அன்னிக்கே மிலிட்டரிக்கு ஓடிட்டான்!”

செண்பகவல்லி கூட்டத்திலேயே கொஞ்சம் விவரமானவள். அப்பாவின் தோளுக்கு மேலாகத் தலையை வெளியே நீட்டி, “ஏங்க, நீங்க என்னை மண்ணு மிதிக்காமத் தூக்கிட்டுப் போயிடுங்களேன்” என்றாள்.

கொளஞ்சி காது மடல் வரைக்கும் சிவந்துபோனான். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பாவாடை குறுக்கே விழுந்தான். “அண்ணே, வேண்டாம்! எதையும் யாரையும் தூக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க!”

அதுவும் நியாயந்தான். மூவரும் லாரி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள்.

“பின்பக்கமா வரச் சொல்லலாம்ண்ணே” என்றான் அய்யாக்கண்ணு. “மூஞ்சி வெளிய பாத்திருந்தா அது வெளிய போற வண்டிதானே?”

“மூஞ்சி எங்க பாத்தாலும் தாண்டுறது தாண்டுறதுதாண்டா” என்றான் கொளஞ்சி. லாரி தாண்டினால் உத்தரவு கிடையாது. உத்தரவு இல்லாவிட்டால் தாலி கிடையாது. தாண்டாவிட்டாலோ பெண் அப்படியே திரும்பிப் போவாள். திருஷ்டிப் பொட்டு கரைந்து வழிய, மாலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேலே இருந்து பார்த்த செண்பகவல்லிக்கும் அழுகை வந்துவிட்டது.

பாவாடை பலகையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, லாரி பலகையைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

“பலகை முன்னாடி போயிட்டே இருந்தா, லாரி எப்படிண்ணே தாண்டும்?”

கொளஞ்சி எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “இத்தனை நாளா உன்னை முட்டாள்னு நினைச்சுட்டேண்டா!”

“நானும்தாண்ணே” என்றான் பாவாடை.

மூவரும் சேர்ந்து குழாயைப் பிடுங்கினார்கள். கொளஞ்சி பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடக்க, ரெண்டு பக்கமும் பாவாடையும் அய்யாக்கண்ணுவும் காவல் வர, பின்னால் பெண் வீட்டு லாரி அடி அடியாக ஊர்ந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற வெங்காய லாரிக்காரர் பார்த்தார். பலகை நகர்ந்துவிட்டது. பலகை வரைக்கும் போகலாமே, சட்டமே அதுதானே? அவரும் வண்டியைக் கிளப்பினார். அவருக்குப் பின்னால் சிமெண்டு, அதற்குப் பின்னால் கம்பி டிரெய்லர், அப்புறம் டிப்பர், அப்புறம் வரிசையில் நின்ற அத்தனையும்.

அப்படி ஓர் ஊர்வலத்தைப் பூசணிப்பேட்டை கண்டதில்லை. மண்டபத்திலிருந்து மேளக்காரர்கள் எதிர்கொண்டு வந்து வாசித்தார்கள். நகைக்கடைப் பந்தல் சரிந்தது, பாத்திரக்கடைக் குடங்கள் உருண்டன, சனமெல்லாம் மாடிப்படிகளில் ஏறி நின்று திட்டியது. குப்பண்ணன் கொஞ்சம் வேகமாக வந்தால் போதும், “தாண்டாதீங்க, கேஸ் போட்ருவேன்!” என்று கொளஞ்சி திரும்பி அதட்டுவான். ஒரு லாரிகூடத் தாண்டவில்லை. கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு.

மண்டபத்து வாசலில் செண்பகவல்லி இறங்கினாள். ஐயர் உள்ளேயிருந்து, “நாழியாறது, மாப்பிள்ளையை வரச் சொல்லுங்கோ!” என்று கத்தினார். பலகையை யாரிடமாவது கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். பலகை தன் பொறுப்பு என்று அம்மாளே சொன்னபிறகு அவன் விடுவானா? பலகையோடு மணவறையில் ஏறி, நட்டுக்குத்தலாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பலகை உள்ளே போனதைக் குப்பண்ணன் பார்த்தார். பின்னால் வெங்காய லாரி ஹாரன் அடித்தது. அவரும் வாழை மரத்தைச் சாய்த்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்து, பம்பர் மணவறையைத் தொடும்படி நிறுத்தினார். வெங்காய லாரி பந்தி நடுவில் வந்து நின்றது. பரிமாறுகிறவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர்களுக்கு ஸ்டியரிங் மேலேயே இலையைப் போட்டார்கள். சமையல்காரர் சாம்பாருக்கு ரெண்டு மூட்டை வெங்காயம் இறக்கிக்கொண்டார்.

உத்தரவோடு முன்வரிசையில் காத்திருந்த ஆணையர், நிற்க இடமில்லாமல் மணவறையிலேயே ஏறிவிட்டார். “என்னய்யா… என்னய்யா இது?”

“பாருங்கம்மா” என்றான் கொளஞ்சி பெருமையாக. “ஒண்ணுகூடத் தாண்டல.”

“உத்தரவு எங்கேங்க?” என்று அங்கமுத்து கையை நீட்டினார். ஐயர், “முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு” என்றார். செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாள் உத்தரவைக் கிழிக்க ரெண்டு கையாலும் பிடித்தபோது, அவருடைய செல்போன் அடித்தது. மேலதிகாரி.

“மேடம், பிரமாதம்! இப்பத்தான் பாலத்து மேல கார்ல வேகமாக் கடந்து போனேன். எப்பவும் வரிசையா நிக்கிற லாரியில ஒண்ணையும் காணோம்! லாரிக்காரன் ஊருக்கே வர்றதை விட்டுட்டான் போல. பலகையை ஏதாவது லாரி தாண்டுச்சா?”

அம்மாள் இந்தப் பக்கம் பார்த்தார், பம்பர். அந்தப் பக்கம் பார்த்தார், பலகை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

“தாண்டலைங்க ஐயா. ஒண்ணுகூட.”

“சபாஷ்! அந்தப் பலகையை இப்ப இருக்கிற இடத்தை விட்டு ஒரு இஞ்ச் அசைக்கக்கூடாது. காவலுக்கு நிக்கிற ஆளையும் அதே இடத்துல நிரந்தரமாப் போட்ருங்க!”

உத்தரவு அங்கமுத்துவின் கைக்கு வந்தது. கொளஞ்சி குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாலி கட்டினான். பாதி சனம் கைதட்டியது, மீதிச் சனம் லாரிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் ஒன்றும் தெரியாமல் பாயசம் குடித்தது.

மேலிடத்து உத்தரவை மீற முடியுமா? பலகையை மணவறையிலேயே சிமெண்டு போட்டு நட்டுவிட்டார்கள். சிமெண்டுக்கும் பஞ்சமில்லை, வாசலிலேயே லாரி நின்றது. கொளஞ்சிக்கு இன்றைக்கும் அங்கேதான் வேலை. பூசணிப்பேட்டையில் யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைத் திறந்தாலும் பொண்ணு, மாப்பிள்ளை, பலகை, பக்கத்தில் கொளஞ்சி. வெளியூர்ச் சம்பந்திகள் பெண்ணுக்குத் தாய்மாமன் போலிருக்கிறது என்று அவனுக்கும் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கடைவீதி முழுக்க லாரிதான், அது சனங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒன்று சொல்லணும். தடை வந்த நாளிலிருந்து அந்த ஊரில் தாலி கட்டும்போது லாரியில் அடிபட்ட மாப்பிள்ளை ஒருத்தர்கூடக் கிடையாது.